இன்னும் ஒரு அவுட்

நாகமா தீவு
1979 மே 13

அன்புள்ள கிகுயோ அக்காவுக்கு, தம்பி மோரியாசு வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கரும்பு நன்றாக இருக்கிறது, நானும் அப்படியே. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தண்ணீர் மீட்டர் பார்க்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் மைதானத்தில் கேட்சருக்குப் பின்னால் நடுவராக வேறு குனிந்து நின்றால் எந்த முழங்கால்தான் தாங்கும்?

ஒரு நல்ல செய்தி. போன வருஷம் ஆள் போதாமல் எங்கள் பள்ளி மாகாணப் போட்டிக்கே வரவில்லை அல்லவா? இந்த வருஷம் பத்துப் பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் ஆட, ஒருவன் தண்ணீர் கொடுக்க. கேட்சர் மாசாரு, பெற்றோர் சங்கத் தலைவர் தொமோரியின் மகன். அப்பாவின் தொண்டை அப்படியே வந்திருக்கிறது. அவன் கத்தினால் மீன்பிடிப் படகுகள் திரும்பிப் பார்க்கின்றன.

"ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வா வாத்தியாரே, ஆடு வெட்டிடறேன்" என்று தொமோரி ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியாராக இங்கே எட்டு வருஷம் இருந்ததில் கிடைக்காத மரியாதை, பேஸ்பால் பயிற்சியாளன் ஆனதும் கிடைக்கிறது.

ஜூலையில் நாஹாவுக்கு வருகிறோம். பையன்களுக்கு உன் கடையில் ஒரு வேளைக்குச் சோபா நூடுல்ஸ் கிடைக்குமா?

உன் அன்புத் தம்பி,
மோரியாசு


நாஹா
ஜூன் 2

தம்பி மோரியாசுவுக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் சௌக்கியம். போன வருஷம் பேருந்துகளை இடப்பக்கம் மாற்றியதிலிருந்து தெருவைக் கடக்கும்போது நான் இன்னும் தவறான பக்கமே பார்க்கிறேன். அது தவிர ஆபத்து எதுவும் இல்லை.

பத்துப் பையன்கள் என்று படித்ததும் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். அத்தானிடமும் சொன்னேன். "ம்" என்றார். அவருக்கு அது நீளமான பேச்சு.

இப்போது கவனமாகக் கேள். நான் மைதானத்தில் ஸ்கோர் எழுதுகிறவள், அவர் நடுவர். நீ பயிற்சியாளன். போட்டி தொடங்கி முடியும் வரை நமக்குள் பேச்சு கிடையாது, கடிதமும் கிடையாது. உன் ஆட்டத்துக்கு அத்தானைப் போட மாட்டார்கள், அவரே பேஸ்பால் சங்கத்தில் சொல்லிவிட்டார். என்னை மட்டும் எழுத விட்டார்கள். "அவங்க என்ன தீர்ப்பா சொல்றாங்க, நடந்தத எழுதறாங்க" என்றார்களாம். ஆட்டத்தைப் பற்றி வீட்டுக்குள் பேசக்கூடாது என்பது அவருடைய பழைய சட்டம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

பையன்களை அனுப்பு, வயிறு நிறையப் போடுகிறேன். நீ வராதே. வந்தாலும் கிண்ணம் கிடைக்காது.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
அக்கா கிகுயோ


நாஹா
ஜூலை 22

தம்பிக்கு,

கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்ததா? யாருக்காவது வாந்தி வந்ததா? மாசாருவின் கட்டைவிரல் வீக்கம் வடிந்ததா?

நேற்று ஆட்டம் முடிந்ததும் துறைமுகத்துக்கு ஓடிவந்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நீ மேல்தளத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாய். கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

போட்டியிலிருந்து நீங்கள் வெளியேறியாகிவிட்டது. இனிக் கடிதத்துக்குத் தடையில்லை. நான் இருந்த இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்பதை உனக்கு எழுதியாக வேண்டும்.

முதல் சுற்று. கடைசி இன்னிங்ஸ். மூன்றுக்கு இரண்டு என்று நீங்கள் முன்னால். துறைமுக வணிகப்பள்ளி ஆட வருகிறது. அவர்களுடைய முதல் ஆட்டக்காரன் நிற்கும்போதே நடுவர் ஷிமோஜி வெயிலில் சுருண்டு விழுந்தார். மற்ற நடுவர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆட்டத்துக்காக அத்தான் மட்டும் உடுப்போடு கீழே இருந்தார். அவரை விட்டால் ஆள் இல்லை. இதையெல்லாம் மேலே ஸ்கோர் எழுதும் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உன் உறவினர் என்று எதிரணிப் பயிற்சியாளர் அகாரியேவிடம் சொல்லிச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். அத்தானைப் பற்றி அகாரியே என்ன சொன்னார் தெரியுமா? சங்கத்துக்காரர் மேலே வந்து சொன்னார்: "செய்கிச்சி கண்ணுக்குச் சொந்தக்காரங்க யாரும் கிடையாது. வரச் சொல்லுங்க."

அந்தக் குழப்பத்தில் ஸ்கோர் பலகைக்காரர்கள் விழாத ஒரு அவுட்டுக்கு விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது. முதல் ஆட்டக்காரன் பேஸுக்குப் போனான். அடுத்தவன் அவுட். அதற்கடுத்தவன் அவுட். பலகைக் கணக்கில் மூன்று அவுட், அதோடு ஆட்டம் முடிந்தது. அத்தான் இடையில் வந்தவர், விளக்கை நம்பினார், குழப்பத்தில் மற்ற நடுவர்களும் அப்படியே. உன் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். எதிரணிப் பையன்கள் குனிந்து அழுதார்கள்.

ஒலிபெருக்கியில் பேசும் பெண் என் கையைப் பிடித்து, "அக்கா, உங்க ஊர் ஜெயிச்சிடுச்சு" என்றாள்.

"இல்ல. ரெண்டுதான் விழுந்திருக்கு."

"விளக்கு..."

"விளக்கு தப்பு."

ஸ்கோர் எழுதுகிறவள் ஆட்டத்தில் வாயைத் திறக்கக்கூடாது. ஆனால் மூன்று அவுட் விழாமல் அணிகள் களம் மாறினால் மட்டும் உடனே நடுவரிடம் சொல்லியாக வேண்டும். எழுந்தேன். மைதானத்துக்கு இறங்கும் படி சுவருக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கும்போது களத்தில் நடப்பது ஒன்றும் தெரியாது. அந்த இருட்டில் ஒரு நொடி நின்றேன். பிறகு இறங்கினேன்.

நான் வந்து சேர்ந்தபோது நீ ஏற்கெனவே அத்தான் பக்கத்தில் நின்றாய். நன்றி சொல்ல வந்திருப்பாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"நடுவரே, ரெண்டு அவுட்தான் ஆயிருக்கு" என்றேன்.

"உறுதியா?" என்று முன்பின் தெரியாதவளைக் கேட்பதுபோல் கேட்டார்.

"உறுதி."

அவர் அகாரியேவையும் அழைத்தார். நீங்கள் மூவரும் பேசினீர்கள், நான் மேலே போய்விட்டேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அடுத்த ஆட்டக்காரன் அடித்தான், சமமானது. பத்தாவது இன்னிங்ஸில் அவர்கள் ஜெயித்தார்கள்.

நான் செய்தது சரி. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்கடித்தவள் உன் அக்கா என்று ஊரில் யாராவது சொன்னால் நீ பதில் பேசாதே. சொல்லிவிட்டுப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா


நாகமா தீவு
ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் இரண்டு முறை வந்துபோனது. கப்பல் வரவில்லை, அதனால்தான் தாமதம். பள்ளியின் தகரக் கூரை பறந்து போய்க் கரும்புத் தோட்டத்தில் கிடந்தது. வேறு சேதம் இல்லை.

நான் நன்றாக இருக்கிறேன். இப்போது சாயங்காலங்களில் கொஞ்சம் ஓய்வு. வீட்டுக்குப் பின்னால் பாகற்காய் போட்டிருக்கிறேன். பந்தல் கட்டுவது இவ்வளவு நிம்மதியான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காய்த்ததும் அனுப்புகிறேன்.

மாசாருவின் கட்டைவிரல் சரியாகிவிட்டது. பையன்கள் உன் சோபாவைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

மோரியாசு


நாஹா
செப்டம்பர் 12

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூரை போனாலும் ஆள் பத்திரம் என்பதில் சந்தோஷம்.

முன்னோர் திருவிழாவுக்குத் தெருவில் மேள ஆட்டம் நன்றாக இருந்தது. கடையில் கூட்டம். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிறேன். பன்றிக்கால் சூப் செய்து பார்த்தேன், நன்றாகப் போகிறது. மாடியை வெள்ளையடித்தேன்.

பாகற்காய்ப் பந்தலுக்குச் சாம்பல் போடு, பூச்சி வராது.

அக்கா


நாஹா
செப்டம்பர் 25

மாப்பிள்ளை மோரியாசுவுக்கு,

நலமா? முழங்கால் பரவாயில்லை.

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. உனக்கும் தெரியும்.

போன வாரம் துறைமுகத்தில் மீட்டர் பார்க்கப் போனேன். உங்கள் ஊர்க் கப்பலின் சமையற்காரர் ஒரு சங்கதி சொன்னார். உன்னைப் பயிற்சியாளர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே. உன் அக்காவுக்கு நீ பாகற்காய் என்று எழுதியிருக்கிறாய்.

உன் அக்கா ஜூலைக்குப் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை. இலையுதிர்காலப் போட்டி தொடங்கிவிட்டது. சங்கத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. கடையில் வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். உனக்கு அவள் பன்றிக்கால் சூப் என்று எழுதியிருப்பாள்.

விளக்கை நம்பியது நான். தப்பு என்னுடையது. அதைச் சங்கத்தில் அன்றே சொல்லிவிட்டேன். ஷிமோஜி குணமாகி நடுவராகத் திரும்பிவிட்டார். நானும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் நின்றேன். தப்பு செய்த நடுவன் திரும்பவும் போய் நிற்கிறேன். தப்பே செய்யாதவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

தான் வந்து சொன்னதால்தான் உன் வெற்றி போனது என்று நினைக்கிறாள். அவள் படியில் இருந்தபோது களத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஆட்டத்தைப் பேசுவதில்லை என்பது நானே போட்ட சட்டம். நீ வெளியூரில் இருக்கிறாய், உனக்கு அது கிடையாது. எழுது.

இந்தக் குடும்பத்தில் பேசாதவன் நான் ஒருவன் போதும்.

செய்கிச்சி


நாகமா தீவு
அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபப்படாதே.

நீ படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

பையன்கள் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். நான் எட்டு வருஷம் கனவு கண்டது அதுதான். எழுந்து நின்றேன். அப்போது இரண்டாவது பேஸில் இருந்த எதிரணிப் பையன் மேல் கண் போனது. அவன் எப்படி அங்கே வந்தான் என்று மனசுக்குள் திரும்ப ஓட்டினேன். ஒருவன் பேஸுக்குப் போனான், இருவர் அவுட். நடுவர் விழுவதற்கு முன் யாரும் அவுட் ஆகவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் நடந்தேன், அக்கா. அத்தானுக்கு முன்னால் போய் இரண்டு விரலைக் காட்டினேன். "நடுவரே, ரெண்டுதான்" என்றேன். அவர் முகம் வெளுத்தது. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு பக்கத்து வார்த்தை போதாது. ஸ்கோரரைக் கேக்கணும்" என்று அறைப் பக்கம் திரும்பினார். நீ அப்போதுதான் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாய். ஆள் அனுப்ப வேண்டிய வேலைகூட அவருக்கு மிச்சம்.

நீ மேலே போன பிறகு அகாரியே வந்தார். அத்தான் சொன்னதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். "எங்க பக்கத்துல யாரும் கவனிக்கல. வெக்கமா இருக்கு" என்றார். பிறகு என்னிடம், "உங்க பசங்களுக்கு மூச்சு வாங்க நேரம் வேணுமா? நான் காத்திருக்கேன்" என்றார். யாரும் குரலை உயர்த்தவில்லை. அப்படி ஒரு நிமிஷத்தில் நானும் ஒருவனாக நின்றேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

நீ என் வெற்றியைப் பறிக்கவில்லை. உனக்கு முன்னால் நானே கொடுத்துவிட்டேன். நீ அதற்குச் சாட்சி சொன்னாய், அவ்வளவுதான்.

இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் ஊர் என்ன சொன்னது என்று அடுத்துக் கேட்பாய். நான் விரல் காட்டியதைப் பையன்கள் பார்த்திருந்தார்கள். தொமோரி கூட்டம் போட்டார். "எதிரணி வாய மூடிட்டு இருக்கான். நீ எதுக்குய்யா கைய தூக்கின?" என்றார். நான் பதில் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மீன் கூட்டுறவில் வேலை பார்க்கும் ஒருவரிடம் அணியைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர், பேஸ்பால் தெரியாது. இது உன் காதுக்கு வந்தால் அந்தப் பழியையும் நீயே தலையில் போட்டுக்கொள்வாய் என்று பயந்தேன்.

கப்பலில் நான் முதுகைக் காட்டி நின்றது உன்மேல் கோபத்தில் இல்லை. பையன்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என் முகத்தை அவர்களுக்குக் காட்டக்கூடாது என்று கடல் பக்கம் திரும்பி நின்றேன், துறைமுகத்தில் நீ நிற்கிறாய் என்றுகூடத் தெரியவில்லை.

போய் உன் இடத்தில் உட்கார். நீ நலமா?

மோரியாசு


நாஹா
அக்டோபர் 14

என் தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சூப் அடிப்பிடித்துவிட்டது. அன்று வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

அத்தானிடம் போய், "நீங்க எழுதினீங்களா?" என்றேன். "ம்" என்றார். அவரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய் ஸ்கோர் எழுதினேன்.

இன்னொன்று. நேற்று அகாரியே கடைக்கு வந்தார். ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நாகமாவுக்குக் கப்பல் என்னிக்கு?"

"யாரு போறது?"

"என் பசங்க. பதினெட்டுப் பேரு."

"அங்க எதுக்கு?"

"நட்பு ஆட்டம் ஆடத்தான். நாங்க முறையாத்தான் ஜெயிச்சோம், அதுல எனக்கு உறுத்தல் கிடையாது. ஆனா அந்த மனுஷன் விரலக் காட்டி நடந்து வந்தத என் பசங்க பாத்தாங்க. அவரு ஊர்ல போய் ஒரு தடவ ஆடாம இவங்க படிப்ப முடிக்கக் கூடாது."

அப்போதுதான் உன்னை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் காலிக் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார். "அப்படியா. அப்ப நாகமா தலைமையாசிரியருக்கு நான் ஒரு வரி சேர்த்து எழுதறேன். மோரியாசு வாத்தியார் அணியோட நின்னாத்தான் நாங்க கப்பலேறுவோம்னு."

நடுவராக அத்தானும் ஸ்கோர் எழுத நானும் வர வேண்டுமாம். அதுவும் அவர் போட்ட நிபந்தனைதான்.

அன்புடன்,
அக்கா


நாகமா தீவு
அக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். ஊர் முழுக்க ஒரே பேச்சு. நாஹாவிலிருந்து பெரிய பள்ளி இங்கே ஆட வருவது இதுதான் முதல் தடவை.

நேற்று தொமோரி என் பந்தலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் காய்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரிய ஸ்கூல்காரன் வரானாம். உன்னத்தான் கேக்கறான்."

"சாயங்காலம் எனக்குப் பாகற்காய் வேலை இருக்கே, தலைவரே."

"பாகற்காய் எங்கயும் ஓடிப் போகாது. நாளைக்கு மைதானத்துக்கு வந்து சேரு. என் பையன் வீட்ல என்கூடப் பேசி ரெண்டு மாசம் ஆச்சு."

மன்னிப்புப் போல எதுவும் சொல்லவில்லை. போகும்போது கேட்காமலே இரண்டு காயைப் பறித்துக்கொண்டு போனார். விரோதியின் வீட்டுக் காயை அவர் தொட மாட்டார். அதனால் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்று பயிற்சிக்குப் போனேன். பையன்கள் வரிசையாக நின்று குனிந்தார்கள். நான் ஷூக் கயிற்றைக் கட்டுவதற்காக நெடுநேரம் குனிந்திருந்தேன்.

கடல் காற்று குளிரும், போர்வை கொண்டு வா.

மோரியாசு


நாஹா
நவம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் வலிக்கிறது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ஆட்டுக்கறி எனக்கு ஒத்துக்கொண்டது. அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் கப்பலேறிவிட்டேன். நேரமில்லை. நீ எதிர்ப் பக்கம் உன் அணியோடு இருந்தாய், உன் காதுக்கு வந்திருக்காது.

நான் எப்போதும் மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவள். ஆட்டத்தைப் பார்ப்பேன், ஆட்களின் பேச்சு கேட்காது. உங்கள் ஊரில் மேல் அறை ஏது? வகுப்பு மேசை ஒன்றைக் கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவில் போட்டார்கள். எனக்கு வலப்பக்கம் பாய் விரித்துத் தொமோரி உட்கார்ந்திருந்தார். துறைமுகப்பள்ளியிலிருந்து கூட வந்த அப்பாக்கள் சிலர் அவருக்குப் பக்கத்தில்.

எட்டாவது இன்னிங்ஸ் நினைவிருக்கிறதா? ஐந்துக்கு நான்கு, நீங்கள் முன்னால். அவர்களுடைய பையன் ரன் எடுக்க ஹோம் பேஸுக்கு ஓடிவந்து சறுக்கினான். அவனைத் தொட்டு அவுட்டாக்க மாசாரு பந்தோடு அவன் மேல் விழுந்தான். ஒரே புழுதி. அத்தான் "அவுட்" என்றார். ஊரே எழுந்து கத்தியது. தொமோரி குதித்த குதியில் என் மேசை ஆடியது.

மாசாரு எழுந்து புழுதியைத் தட்டினான். முகமூடியைக் கழற்றிவிட்டு அத்தானிடம் திரும்பினான். அவன் தொண்டைதான் உனக்குத் தெரியுமே, ஊருக்கே கேட்டது.

"நடுவரே, நான் தொடல. கையுறை அவன் மேல படவே இல்ல."

அத்தான் மற்ற நடுவர்களைக் கூப்பிட்டார். உன்னையும் அகாரியேவையும் கூப்பிட்டார். நீங்கள் இருவரும் தலையாட்டினீர்கள். அத்தான் என் பக்கம் திரும்பி, "அவுட் இல்ல. ரன் சேத்துக்குங்க" என்றார். ஐந்துக்கு ஐந்து. கப்பல் காத்திருக்காது என்பதால் ஆட்டமும் அதிலேயே முடிந்தது.

இதெல்லாம் நீ பார்த்ததுதான். நீ கேட்காதது இது.

"முட்டாப் பய" என்று முதலில் தொமோரி பல்லைக் கடித்தார். கையில் இருந்த சாராயக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயம். பென்சிலைக் காகிதத்திலேயே வைத்திருந்தேன்.

அப்போது துறைமுகப்பள்ளி அப்பாக்களில் ஒருவர், வயதானவர், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். "எப்படிப்பட்ட பையன். யாரு பெத்த புள்ள அது?"

தொமோரி அதைக் கேட்டுவிட்டார். பிறகு எழுந்து நின்றார். வேட்டைக்குப் போய் வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் பெரியவருக்கு மட்டும் இல்லை, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"என் பையன்."

யாரும் மறுபடி கேட்கவில்லை. ஆனாலும் உட்காருவதற்கு முன் இன்னொரு தடவை சொன்னார்.

உனக்கும் பையன்களுக்கும் எங்கள் அன்பு. அத்தான் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டத்தப் பத்தியா எழுதற?" என்றார். ஆமாம் என்றேன். தபால்தலை ஒட்டிக் கொடுத்தார்.

கிகுயோ